விசர் வருதா? முதலில் கலண்டரைப் பாருங்கள்

எங்கள் கிணற்றடியில் ஒரு நீல வாளி கிடக்கிறது. ஒரு பக்கம் வெடித்து, சூடு காட்டி ஒட்டியது. அரை வாளிக்கு மேல் தண்ணீர் நிற்காது. அதை உதைத்தது நான்தான். கறியில் உப்புக் கூடிப்போச்சு என்று தொடங்கிய சண்டை, வாளியில் போய் முடிந்தது. அடுத்த நாள் காலை என் மகள் அந்த வாளியோடு பூக்கன்றுகளுக்குத் தண்ணீர் கொண்டு போனாள். பாதி வழியிலேயே வாளி காலி. அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

நான் வைத்தியரும் இல்லை, உளவளத்துணையாளரும் இல்லை. கிளிநொச்சிப் பக்கம் நெல் செய்கிறவன். வீட்டில் வரும் கோபத்தையும் மௌனத்தையும் என்ன செய்வது, யாரிடம் போவது, போகும்போது கையில் என்ன இருக்க வேண்டும் என்று தெரியாமல் எட்டு மாதம் அலைந்தேன். நேர்வழி தெரிந்திருந்தால் இரண்டு மாதம் போதும். அதனால்தான் இதை எழுதுகிறேன். ஆண்களை நினைத்துத்தான் எழுதத் தொடங்கினேன், ஆனால் பெரும்பாலான படிகள் எல்லோருக்கும் பொருந்தும். உங்களை யாராவது அடிக்கிறார்கள் என்றால் மட்டும் மற்றதெல்லாம் பிறகு, நேராக ஐந்தாவது படிக்குப் போங்கள்.

1. கலண்டரில் குறியுங்கள் (செலவு: ஒரு பென்சில், காலம்: ஆறு கிழமை)

வருடப் பிறப்புக்குக் கடைகளில் தருகிற சுவர்க் கலண்டர் போதும். சத்தம் போட்ட நாளுக்கு ஒரு வட்டம். கதைக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்த நாளுக்கு ஒரு கோடு. பக்கத்தில், அதற்குச் சற்று முன்னர் என்ன நடந்தது என்பதை ஒரே சொல்லில் எழுதுங்கள்: "ஆலை", "போன்", "மாமி", "உப்பு". அவ்வளவுதான். கதை எழுத வேண்டாம், எழுதத் தொடங்கினால் மூன்றாம் நாள் விட்டுவிடுவீர்கள்.

இதில் நான் விழுந்த குழி ஒன்று. முதல் கிழமை முழுக்க மனைவியின் குற்றங்களையே குறித்து வைத்தேன். "கத்தினாள்", "பதில் சொல்லவில்லை", இப்படி. அது முறைப்பாட்டுப் புத்தகமாகிவிட்டது. அவள் அதைக் கண்டுவிட்டாள், அதற்கு இன்னொரு வட்டம் போட வேண்டி வந்தது. ஆகவே குறிக்கத் தொடங்க முன்னரே வீட்டில் சொல்லிவிடுங்கள்: "எனக்கு எப்ப விசர் வருது எண்டு பாக்கிறன், உம்மைப் பற்றி இல்லை." அப்புறம் அந்த வாக்கைக் காப்பாற்றுங்கள்.

ஆறு கிழமை முடிவில் என்னிடம் ஒன்பது வட்டம் இருந்தது. அதில் ஆறு புதன்கிழமை இரவு.

புதனில் என்ன என்று எனக்கு உடனே விளங்கவில்லை. மனைவிக்குத்தான் விளங்கியது. வியாழன் காலை பத்து மணிக்கு எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டு மாமரத்தடியில் கிழமைக் கடன் கூட்டம். கடன் அவள் பெயரில். அந்தக் காசில் திருத்தியது என் லாண்ட்மாஸ்டரை, இரண்டு சில்லு உழவு இயந்திரத்தை. காசு குறைந்தால் அங்கே எல்லோருக்கும் முன்னால் நிற்பதும் பேச்சு வாங்குவதும் அவள். நான் அந்த நேரம் வயலில். உப்புப் பிரச்சினை வந்த நாளும் ஒரு புதன்தான்.

உங்களுக்குக் கிழமைக்குப் பதில் மாதமாக இருக்கலாம். பாடசாலைத் தவணை தொடங்கும் மாதம், அறுவடை முடிந்து ஆலைக்காரர் ஈரப்பதம் என்று மூடைக்குக் கழிக்கும் மாதம், வெளிநாட்டில் இருந்து வர வேண்டிய காசு வராத மாதம். மே மாதம் எங்கள் பக்கம் எத்தனை வீடுகளில் குசினிச் சண்டையாக வெளியே வருகிறது என்பதை நான் சொல்லத் தேவையில்லை. பதினெட்டாம் திகதி, முள்ளிவாய்க்காலில் போரில் செத்தவர்களை நினைத்துக் கஞ்சி காய்ச்சும் வரைக்கும் வீட்டில் ஒருவரோடு ஒருவர் முகம் கொடுக்க மாட்டோம், ஏன் என்று கேட்டால் பால்மா முடிந்துபோச்சு என்போம்.

2. விசருக்கு அடியில் என்ன என்று தேடுங்கள்

எங்கள் பேச்சில் "விசர்" என்ற ஒரு சொல்லுக்குள் பத்து உணர்ச்சி அடங்கிவிடும். அது வசதி, அதே நேரம் வில்லங்கம். எனக்கு உளவளத்துணையாளர் சொல்லித்தந்த முதல் வேலை, உடம்பில் எங்கே என்று பார்ப்பது. ஒரு கிழமை பார்த்தேன். எனக்குக் காதுமடல் சுடும், பார்வை தரைக்குப் போகும். அது கோபம் இல்லையாம், வெட்கமாம். பயம் வந்தால் வயிறு கலங்கும், கால் ஓரிடத்தில் நில்லாது. துக்கம் வந்தால் நெஞ்சு பாரம், பெருமூச்சு, சாப்பாடு இறங்காது. உண்மையான கோபத்துக்குத் தாடை இறுகும், கை முறுகும். எல்லோருக்கும் இதே மாதிரி வரும் என்றில்லை. உங்கள் உடம்பை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

பெயர் மாறினால் செய்ய வேண்டியதும் மாறும். கோபம் என்றால் யாரோ என் வரம்பைத் தாண்டியிருக்கிறார்கள், அதைச் சொல்ல வேண்டும். பயம் என்றால் எது நடக்கும் என்று பயப்படுகிறேன், அதற்கு என்ன ஆயத்தம் என்று பார்க்க வேண்டும். வெட்கம் ஒளிந்துகொள்ளப் பார்க்கும், அதை நம்பிக்கையான ஒருவரிடம் வாய்விட்டுச் சொன்னால் பாதி இறங்கும். துக்கத்துக்கு எதுவும் செய்ய முடியாது, கூட இருக்க ஒரு ஆள் வேண்டும்.

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் மாமிக்கும் மருமகளுக்கும் தினமும் சோற்றுக்குச் சண்டை. எப்போதும் ஒரு கோப்பை கூடப் போட்டு மூடி வைப்பார் மாமி. மருமகள் அதை வீண் என்பாள். அந்தக் கோப்பை காணாமல் போன மூத்த மகனுக்கு. இறந்தவனுக்கு என்றால் திவசம் செய்யலாம், இருக்கிறவனுக்கு என்றால் காத்திருக்கலாம், இரண்டும் தெரியாதவனுக்கு என்ன செய்வது? அந்த வீட்டில் சோற்றைப் பற்றிக் கதைத்து ஒன்றும் ஆகப்போவதில்லை. மருமகள் ஒரு நாள் தானே அந்தக் கோப்பையைப் போட்டு மூடி வைத்தாள். சண்டை முழுக்க நின்றது என்று சொல்ல மாட்டேன், ஆனால் சத்தம் குறைந்தது.

3. சண்டை நடுவில் இருபது நிமிடம்

உடம்பு சூடேறி நெஞ்சு படபடக்கும்போது சொல்கிற நியாயம் எதுவும் காதில் ஏறாது. அது அடங்கக் குறைந்தது 20 நிமிடம் வேண்டும். ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்தால் விட்ட இடத்திலேயே தொடங்கும்.

எழும்பிப் போவதில் ஒரு முறை இருக்கிறது. ஒன்றும் சொல்லாமல் போனால், விட்டுவிட்டுப் போகிறான் என்றுதான் மற்றவருக்குப் படும். சமாதானமான ஒரு நாளில் இரண்டு பேரும் ஒரு வசனத்தை ஒத்துக்கொள்ளுங்கள். எங்களுடையது: "நான் கிணத்தடிக்குப் போறன், இருபது நிமிசத்தில வாறன்." சொன்ன நேரத்துக்கு வர வேண்டும். மூன்று தரம் சரியாக வந்தால்தான் நாலாம் தரம் நம்புவார்கள்.

அந்த நேரத்தில் மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதை நீளமாக்குங்கள். முகம் கழுவுங்கள். வேலிக்கு நடந்து வாருங்கள். மனதுக்குள் வழக்கு நடத்தாதீர்கள், "அவள் அப்படிச் சொன்னால் நான் இப்படிச் சொல்லுவன்" என்று ஒத்திகை பார்த்தால் இருபது நிமிடமும் வீண். மோட்டார் சைக்கிளை எடுக்கவே கூடாது. எடுத்தால் அது தவறணை வாசலில்தான் நிற்கும், என்னுடையது நின்றது. குடித்தால் அன்றிரவு தூக்கம் வருவது போலிருக்கும், விடியற்காலையில் முழிப்பு வந்து மனம் இன்னும் கீழே போய்க் கிடக்கும்.

4. ஒரே வசனத்தில் சொல்லுங்கள்

பிள்ளைகள் படுத்த பிறகு, சாப்பிட்ட பிறகு, மாமி அடுத்த அறையில் இல்லாத நேரம். எங்கள் வீடுகளில் இந்த மூன்றும் ஒன்றாக வாய்ப்பது லேசில்லை. நாங்கள் வாசல் மாங்கன்றுக்குத் தண்ணீர் விடும் சாக்கில் வெளியே வருவோம்.

சொல்ல வேண்டியது: எது நடந்தால், எனக்கு என்ன வருகிறது. "நீர் எப்பவும்", "உங்கட ஆக்கள்" என்று தொடங்கும் வசனம் எதுவும் வேண்டாம். முதல் தடவை நான் அதில்தான் தொடங்கினேன், இரண்டு நிமிடத்தில் அவளுடைய தம்பியின் கலியாணச் செலவு வரைக்கும் போய்விட்டோம். இரண்டாம் தடவை வயலிலேயே சொல்லிப் பார்த்து வைத்துக்கொண்டு வந்தேன்:

"நாளைக்கு வியாழன் எண்டால் எனக்குப் பயமாக் கிடக்கு. அந்தக் கூட்டத்தில உம்மை நிக்க விட்டுட்டு நான் வயலுக்குப் போறது வெக்கமாக் கிடக்கு."

அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு சொன்னாள்: "அதை முதலே சொல்லியிருக்கலாம்தானேயப்பா. நான் ரெண்டு மாசமா உப்பை எல்லே குறைச்சுக்கொண்டிருந்தனான்."

கேட்கிற பக்கத்தில் இருப்பவருக்கும் ஒரு வேலை உண்டு. உடனே தீர்வு சொல்லாதீர்கள். "அப்படியெல்லாம் யோசிக்காதையுங்கோ" என்பதும் வேண்டாம், அதைக் கேட்டவர் அடுத்த முறை சொல்லவே மாட்டார்.

5. அடி விழுந்தால் இந்த வழிகாட்டி போதாது

அடி, மிரட்டல், காசைப் பறித்து வைத்தல், வீட்டை விட்டு வெளியே விடாமல் வைத்தல், இவையெல்லாம் பொறுத்துப் பழகும் சங்கதிகள் இல்லை. மூச்சுப் பயிற்சியும் கலண்டரும் இங்கே உதவாது. பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. பிள்ளைகளுக்கு ஆபத்து என்றால் 1929. பொலிஸ் நிலையங்களில் சிறுவர், பெண்கள் பிரிவு இருக்கிறது.

2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். நீங்களே கேட்கலாம், உங்கள் சார்பில் பொலிசாரும் கேட்கலாம். இடைக்காலக் கட்டளை 14 நாள் வரைக்கும், முழுக் கட்டளை 12 மாதம் வரைக்கும் செல்லும். அதற்கு விவாகரத்து வழக்குப் போட வேண்டியதில்லை. "கேஸ் போட்டால் குடும்பம் பிரிஞ்சிடும்" என்று பயமுறுத்துவார்கள், இது அந்த வழக்கு இல்லை. அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ், வங்கிப் புத்தகம், காயத்துக்கு மருந்து எடுத்த துண்டு, இவற்றை ஒரு பையில் போட்டு நம்பிக்கையான ஒருவர் வீட்டில் முன்கூட்டியே வையுங்கள்.

அடிக்கிற ஆள் நீங்கள் என்றால், அடுத்த படிக்கு நாளைக்கே போங்கள். அடுத்த கிழமை வரைக்கும் வைத்திருக்க வேண்டாம்.

6. வெளியாளிடம் போவது: யாரிடம், எதோடு, எவ்வளவு நேரம்

மூன்று வாசல் இருக்கிறது. வீட்டில் கைக்குழந்தை இருந்தால், அல்லது மனைவி கர்ப்பிணி என்றால், உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். பிள்ளை பிறந்து மாதக்கணக்கில் அழுகையும் எரிச்சலும் விடாமல் இருப்பது ஒரு நோயாக இருக்கலாம், அதற்கு மருந்து இருக்கிறது. மாமி "எங்கட காலத்தில இதெல்லாம் இல்லை" என்பார். அவருடைய காலத்திலும் இருந்தது.

இரண்டாவது, பிரதேச செயலகத்தில் உள்ள உளவளத்துணை உத்தியோகத்தர். கதைத்துத் தீர்க்கக்கூடிய குடும்பப் பிரச்சினைக்கு இது நல்ல இடம். கட்டணம் இல்லை. அடையாள அட்டையோடு போங்கள். கிராம அலுவலரின் கடிதம் வேண்டும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு நான் மூன்று நாள் அலைந்தேன். கடைசியில் அந்த அக்கா கடிதத்தை விரித்துப் பார்க்கவே இல்லை. கள வேலைக்கு வெளியே போகிற நாட்கள் உண்டு, ஆகவே முதலில் தொலைபேசி எடுத்து எந்த நாள் கதிரையில் இருப்பார் என்று கேளுங்கள். ஒரு தரம் இருந்து கதைக்க முக்கால் மணித்தியாலம், ஒரு மணித்தியாலம் போகும். ஒரே தரத்தில் முடியாது, எனக்கு ஐந்து தரம்.

மூன்றாவது, மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவு. இரண்டு கிழமைக்கு மேல் தூக்கம் இல்லை, வேலைக்குப் போக மனமில்லை, குடியை நிறுத்த முடியவில்லை, மற்றவருக்குக் கேட்காத குரல் கேட்கிறது, செத்தால் நல்லம் என்று தோன்றுகிறது, இதில் எது என்றாலும் இங்கேதான். இதுவும் இலவசம். ஆனால் ஒரு நாள் கூலி போகும். எனக்கு அன்று 2,500 ரூபாய் போனது, பஸ் காசும் சோற்றுப் பார்சலும் தனி. ஆறு மணிக்கு வெளிக்கிட்டேன், வைத்தியரைக் கண்டது பதினொன்றுக்கு, மருந்து எடுத்து வெளியே வர ஒரு மணி. கிளினிக் நாள் இடத்துக்கு இடம் வேறுபடும், போயா தினத்தில் நடக்காது. கலண்டர்தான் கையில் இருக்கிறதே, பார்த்துவிட்டுப் போங்கள்.

கையில் இருக்க வேண்டியவை: அடையாள அட்டை, பழைய மருந்துத் துண்டுகள் ஏதும் இருந்தால் அவை, இப்போது குடிக்கும் மருந்துகளின் மட்டைகள், ஒரு புதுக் கொப்பி. புதுக் கொப்பி என்று அழுத்திச் சொல்கிறேன். நான் காசை மிச்சம் பிடிக்க மகளின் பாதி எழுதிய கணிதக் கொப்பியைக் கொண்டு போனேன். அட்டையில் அவள் பெயர். தாதி அந்தப் பெயரைத்தான் கூப்பிட்டார், மூன்று தரம். நான் எழும்பவில்லை, வேறு யாரோ பிள்ளை என்று நினைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் வாய்ப்பாட்டுப் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் இருந்து என் வரலாற்றை எழுதினார்கள்.

இன்னொன்று, வீட்டிலேயே அரைப் பக்கம் எழுதிக்கொண்டு போங்கள். எப்போது தொடங்கியது, இரவில் எத்தனை மணித்தியாலத் தூக்கம், குடி எவ்வளவு, வீட்டில் வேறு யாருக்கும் இருந்ததா, மனதில் வந்த மிக மோசமான எண்ணம் எது. உள்ளே போனதும் வாய் அடைத்துப்போகும். வைத்தியர் சிங்களம் பேசுபவராக இருந்தால் தமிழ் தெரிந்த தாதியை அந்தத் தாளை வாசிக்கச் சொல்லலாம். இரத்தம் எடுக்கச் சொன்னால் எடுங்கள், தைரொயிட் கோளாறும் இரத்தசோகையும் மனச்சோர்வு போலவே வேஷம் போடும்.

தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்கள் என்ற பயத்தில் நான் முதலில் ஏ9 வீதியில் எழுபது கிலோமீற்றருக்கு மேல் தள்ளி வேறொரு வைத்தியசாலைக்குப் போனேன். இரண்டு தவணைதான் தாக்குப்பிடித்தது. பஸ் காசு கட்டாது, மூன்றாம் தவணையை விட்டேன், எல்லாம் பழையபடி. பிறகு பக்கத்து வைத்தியசாலைக்கு மாறினேன். முதல் நாளே வாங்கில் எங்கள் ஊர்க் கடைக்காரர். இரண்டு பேரும் கொப்பியைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு மழையைப் பற்றிக் கதைத்தோம்.

நூல் கட்டுகிறவர்களிடம் காசு கொட்டாதீர்கள். வற்றாப்பளை அம்மனுக்கு நேர்த்தி வையுங்கள், நானும் வைத்தேன், மனதுக்கு ஆறுதல். கிளினிக் நாளை மட்டும் தவறவிடாதீர்கள்.

7. பூச்சிமருந்தைப் பூட்டுங்கள்

வயல் வீடுகளில் இதை யாரும் சொல்ல மாட்டார்கள், நான் சொல்கிறேன். வீட்டில் யாருக்காவது மனம் விட்டுப்போயிருக்கிறது என்று தெரிந்தால், பூச்சிமருந்து, களைகொல்லிப் போத்தல்களை அன்றைக்கே வீட்டை விட்டு அகற்றிப் பூட்டி, சாவியை வேறொருவரிடம் கொடுங்கள். அந்த எண்ணம் பெரும்பாலும் அலை போல வந்து போவது. வருகிற நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் எதுவும் இருக்கக்கூடாது.

"சாகலாம் போல இருக்கா?" என்று நேராகக் கேட்கலாம். கேட்டால் நினைப்பு வந்துவிடும் என்பது பிழை. நான் கேட்கப்பட்டவன், அந்த இடத்தில் எனக்கு அழுகைதான் வந்தது. ஆம் என்று பதில் வந்தால் தனியே விடாதீர்கள். 1926 மனநல உதவி இலக்கம், இரவும் பகலும் எடுக்கலாம், தமிழில் கதைக்க வேண்டும் என்று முதலிலேயே சொல்லுங்கள். யாராவது பூச்சிமருந்தைக் குடித்துவிட்டால் 1990 அம்புலன்ஸ், அதுவும் காசில்லை. வாந்தி எடுக்க வைக்க முயலாதீர்கள், போத்தலையும் கூடவே கொண்டு போங்கள்.

8. மருந்து எழுதினால்

எல்லோருக்கும் எழுதுவதில்லை. எனக்கு எழுதினார்கள். மனச்சோர்வுக்கான மருந்து வேலை செய்யத் தொடங்க இரண்டு முதல் நாலு கிழமை எடுக்கும். முதல் கிழமையில் வயிறு குமட்டலாம், தலை பாரமாக இருக்கலாம். நான் ஐந்தாம் நாள் "இது சரிவராது" என்று நிறுத்தினேன், பிறகு முதலில் இருந்து தொடங்க வேண்டி வந்தது. சுகமாகிவிட்டது என்று தோன்றினாலும் நீங்களாக நிறுத்தக் கூடாது, வைத்தியர் படிப்படியாகத்தான் குறைப்பார். அந்த மருந்தோடு குடியும் கூடாது.

அடுத்த தவணைத் திகதியைக் கொப்பியில் எழுதித் தருவார்கள். வீட்டுக்கு வந்ததும் அதைக் கலண்டரிலும் குறியுங்கள், மனைவியின் போனிலும் போட்டு வையுங்கள். என்னுடையது இப்போது இரண்டு மாதத்துக்கு ஒரு முறை, செவ்வாய்க்கிழமை. வியாழனில் நானும் மாமரத்தடிக்குப் போகிறேன். கடன் இன்னும் பதினொரு தவணை கிடக்கிறது. வாளி மாற்றவில்லை, மகள் வேண்டாம் என்கிறாள்.